சேரிக்கு வந்த மொழியியல் எதைக் கொண்டுபோனது?

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் வசவாகவும் மாறிவிட்டது, எனவே அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்பதே அறிவிப்பு. அதன் பிறகு நடந்த விவாதங்களில் கட்சிக்காரர்கள் பேசினார்கள், வழக்கறிஞர்கள் பேசினார்கள், எழுத்தாளர்கள் பேசினார்கள். “பெயரை மாற்றினால் சாதி போய்விடுமா?” என்று வழக்கமாகக் கேட்பவர்கள் வழக்கம்போல் கேட்டார்கள். நான் பார்த்தவரையில் ஒரு மொழியியலாளர்கூட வாய் திறக்கவில்லை. ஒரு சொல்லின் பொருள் எப்படி மாறுகிறது, யார் வாயில் அது வசவாகிறது, ஆவணத்திலிருந்து நீக்கினால் வாயிலிருந்தும் நீங்குமா என்பவை எல்லாம் மொழியியலின் அடிப்படைக் கேள்விகள். அந்தத் துறைக்குப் பல்கலைக்கழகங்களில் கட்டடம் இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கருத்தரங்கு நடத்த நிதி இருக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை.

முதுகலையில் பயன்பாட்டு மொழியியல் படித்தவர் என்கிற முறையில் இந்த அமைதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ‘காலனி’யையே எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்திலும் ‘பேங்க் காலனி’, ‘ஆசிரியர் காலனி’ என்று சொல்வதில் யாருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை. முன்னால் ஓர் அடைமொழி இருந்தால் அது நடுத்தர வர்க்கக் குடியிருப்பு. அடைமொழி எதுவும் இல்லாமல் வெறும் ‘காலனி’ என்றால் அது நாம். “அவன் காலனிப் பையன்” என்று எங்கள் சோழபுரத்தில் ஒருவர் சொன்னால் அவர் முகவரி சொல்லவில்லை என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். சொல் ஒன்றுதான். அடைமொழி இருக்கிறதா இல்லையா என்பதில் சாதி உட்கார்ந்திருக்கிறது. இதை விளக்க அகராதி போதாது. யார், யாரிடம், யார் முன்னிலையில் சொன்னார்கள் என்று பார்க்கிற கண் வேண்டும்.

இன்னொன்று. எங்கள் தெருவில் இருக்கும் ஆத்தாமார்கள் கடைக்குக் கிளம்பும்போது “ஊருக்குள்ள போயிட்டு வாரேன்” என்பார்கள். அவர்கள் வீடும் அதே ஊராட்சியில்தான் இருக்கிறது. வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் அதே ஊர்ப் பெயர்தான். ஆனாலும் வாய் ‘ஊருக்குள்ள’ என்கிறது. பேசுகிறவர் தன்னை ஊருக்கு வெளியே நிறுத்திக்கொண்டு பேசுகிறார். இந்த ‘உள்’ என்ற வேற்றுமைச் சொல்லுருபு ஒரு தலைமுறைக்கு முன்னால் வரைந்த வரைபடம். யாரும் பள்ளியில் சொல்லித்தரவில்லை, யாரும் அடித்துப் பழக்கவில்லை, தாய்ப்பாலோடு வந்துவிட்டது. ஊர் வேறு சேரி வேறு என்று மானிடவியலாளர்கள் நூறு பக்கம் எழுதியதை இந்த ஆத்தா ஒரு வேற்றுமையில் முடித்துவிடுகிறார்.

பயன்பாட்டு மொழியியல் என்றால் என்ன என்று இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள். மொழியைப் பற்றிய அறிவை வகுப்பறை, அகராதி, மொழிபெயர்ப்பு, மருத்துவமனை, நீதிமன்றம், கணினி என்று மொழியால் சிக்கல் வரும் இடங்களுக்குக் கொண்டுபோவதுதான் அது. பிறந்த கதை அவ்வளவு புனிதமானதல்ல. 1957இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டபோது, பேரரசு கைவிட்டுப்போன நாடுகளில் ஆங்கிலம் கற்பிப்பதே முதன்மை நோக்கம். அடுத்த ஆண்டே, 1958இல், ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் வந்தது. அதனால்தான் இன்றும் பலருக்குப் பயன்பாட்டு மொழியியல் என்றால் ஆங்கிலம் கற்பிக்கும் முறை என்ற எண்ணம் இருக்கிறது. 1969இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு தாய்மொழிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பெயரிலேயே பயன்பாட்டு மொழியியலைத் தாங்கிய மையம் என்று நம் பிள்ளைகள் எட்டக்கூடிய தூரத்தில் பல இடங்கள் உள்ளன.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழில் சாதிக்கும் பேச்சுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த வரலாறு நீளமானது. பிரெஞ்சு அறிஞர் ஜூல் பிளாக் 1910இலேயே தமிழில் சாதியும் கிளைமொழியும் என்று கட்டுரை எழுதினார். 1960களில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் சேர்ந்து, பார்ப்பனப் பேச்சிலும் பார்ப்பனரல்லாதார் பேச்சிலும் மாற்றங்கள் எப்படி நிகழ்கின்றன என்று ஒப்பிட்டார்கள். எழுத்தறிவு உள்ள மேல்தட்டில் தெரிந்தே செய்யப்படும் மாற்றங்கள் அதிகம், கீழே தெரியாமல் நிகழும் மாற்றங்கள் அதிகம் என்பது அவர்கள் வந்து சேர்ந்த இடம். 1968இல் ராமானுஜன் தனியாக எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒப்பிடப்பட்டவை ஐயங்கார் பேச்சும் முதலியார் பேச்சும். மு. சண்முகம் பிள்ளை 1965இல் உறவுமுறைச் சொற்களில் சாதி எல்லைக்கோடுகள் எங்கே ஓடுகின்றன என்று காட்டினார். எல்லாம் உழைத்து எழுதப்பட்ட ஆய்வுகள். மறுப்பதற்கில்லை.

ஆனால் ‘பார்ப்பனரல்லாதார்’ என்ற தலைப்பின் கீழ் வந்து உட்காருபவர் யார் என்று பாருங்கள். முதலியார், பிள்ளை, வேளாளர். எழுத்தறிவும் நிலமும் உடைய ஒருவர் அங்கே ‘கீழ்’ என்ற இடத்தை நிரப்பிவிடுகிறார். அவருக்கும் கீழே ஒரு தெரு இருக்கிறது என்பது அட்டவணையில் ஏறவில்லை. பின்னர் வந்த ஆய்வேடுகளில் நாம் ஏறினோம், ‘அரிசனக் கிளைமொழி’ என்ற தலைப்போடு. ஒலியன்கள் எண்ணப்பட்டன. எங்கே ழகரம் ளகரமாகிறது, எங்கே சொல்லிறுதி தேய்கிறது என்று குறிக்கப்பட்டது. பட்டம் வழங்கப்பட்டது. ‘தகவலாளர்’ என்ற பெயரில் தன் வாயைக் கொடுத்த மனிதருக்கு அதன் பிறகு என்ன ஆயிற்று என்று எந்தப் பின்னிணைப்பிலும் இல்லை.

சொல்லப்போனால் இந்த ழகர விவகாரமே ஒரு தனிக் கூத்து. பேச்சுத் தமிழின் பெரும்பாலான வட்டாரங்களில் ழகரம் ளகரமாகவோ யகரமாகவோ மாறிவிட்டது. தென்மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளையும் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறது. ஆனால் ‘நாக்கு திரும்பாது’ என்ற பட்டம் ஒரு தெருவுக்கு மட்டும்தான். ஒலி ஒன்றுதான், காது வேறு. மொழியியலில் இதைக் கேட்பவரின் முன்முடிவு என்பார்கள். நம் ஊரில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது.

நான் படித்த இடத்தைப் பெயர் சொல்லப் போவதில்லை. கள ஆய்வு முறை வகுப்பில் ‘கிராமத்திலிருந்து வந்தவர்’ என்று என்னை முன்னால் உட்காரவைத்துச் சொற்பட்டியல் படித்தார்கள். வெஞ்சனம், கம்மா, அங்கிட்டு, இங்கிட்டு, அவுக, இவுக. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பகை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். அருங்காட்சியகத்தில் நல்ல பொருளொன்றைப் பார்த்த மகிழ்ச்சிதான். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டபோது, காவல் நிலையப் புகார்களில் சாதி வசவு எப்படிப் பதிவாகிறது என்று பார்க்க விரும்புவதாகச் சொன்னேன். “அது சமூகவியல், மொழியியல் இல்லை. உங்கள் ஊர் ஒலியனியல் செய்யலாமே, தரவும் கையிலேயே இருக்கிறது” என்று பதில் வந்தது. தரவு கையில் இருந்தது உண்மைதான். அது வலிக்கிற தரவு என்பதுதான் அவர்களுக்குச் சிக்கல்.

மொழியியல் இல்லையா? உலகம் முழுவதும் பயன்பாட்டு மொழியியல் மாணவர்கள் படித்தே தீர வேண்டிய ஒரு கோட்பாடு இருக்கிறது. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் உருவாக்கிய பணிவுக் கோட்பாடு. 1978இல் நீண்ட கட்டுரையாக வந்து 1987இல் நூலானது. ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், தமிழ் என்ற மூன்று மொழிகளின் மேல் கட்டப்பட்டது அது. அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? கோவை மாவட்டத்தின் ஒரு கிராமத்திலிருந்து. 1970களில் லெவின்சன் அங்கே தங்கிக் களப்பணி செய்து, 1977இல் பெர்க்கிலியில் முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். 1982இல் மேற்குத் தமிழகத்தில் சாதித் தகுதியும் பேச்சும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். யார் யாருக்கு ‘நீ’ கொடுக்கிறார்கள், யாரிடமிருந்து ‘நீங்க’ வாங்குகிறார்கள் என்று கட்டம் போட்டால் ஊரின் சாதிப் படிநிலை அப்படியே வந்து நிற்கும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை முன்னிலைப் பெயர்களைக் கொண்டே வரைந்துவிடலாம். அந்தக் கட்டத்தில் வயதுக்கு மதிப்பில்லை. பத்து வயதுப் பண்ணையார் வீட்டுப் பையன் அறுபது வயதுக் கிழவரை ‘வாடா’ என்பான். கிழவர் ‘வாரேஞ் சாமி’ என்பார்.

அந்தக் களப்பணியை நான் மதிக்கிறேன். லெவின்சன் அதிகாரத்தைக் கணக்கில் எடுத்தார், ஒளிக்கவில்லை. ஆனால் கோட்பாடாகி உலகைச் சுற்றி நம் வகுப்பறைக்குத் திரும்பி வரும்போது அதிலிருந்த சேரி உதிர்ந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் எடுத்துக்காட்டுகள் மிஞ்சின. நிலமற்ற கூலி தன் குரலைத் தாழ்த்தித் தலையைச் சொறிந்துகொண்டு கேட்பது ‘பணிவு உத்தி’ என்று பலகையில் எழுதப்படுகிறது. உத்தி என்றால் வேறு வழி இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று பொருள். அந்தக் கிழவருக்கு வேறு என்ன வழி இருந்தது? தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால், கேட்பதற்கு அங்கே நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தமிழில் ஒரு விந்தையான வழக்கு இருக்கிறது. ‘அதிகாரி ஒருமையில் பேசினார்’ என்று மக்கள் புகார் சொல்வார்கள். ஒருமை, பன்மை என்பவை இலக்கணச் சொற்கள். இலக்கண நூல் பக்கமே போகாத ஒருவரும் தனக்கு நேர்ந்த அவமானத்தை இலக்கணச் சொல்லால் சொல்கிறார். நம் மக்கள் நல்ல மொழியியலாளர்கள். காயம் எந்த விகுதியில் பட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டத்துக்கு அது தெரிகிறதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுப் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பது ஒரு பிரிவு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது இன்னொரு பிரிவு. 2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல மொழியியல் பாடம் நடத்தியது. வசவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரின் வேர்ப்பொருளைப் பார்க்கக் கூடாது, வழக்கில் அது பெற்றிருக்கும் பொருளைத்தான் பார்க்க வேண்டும் என்றது. தோல் வேலை செய்பவர் என்றுதானே பொருள், இதில் என்ன இழிவு என்று வாதாடும் தந்திரத்துக்கு அது கதவடைத்தது. 2011 ஏப்ரல் 19 அன்று ஆறுமுகம் சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் அதே நீதிமன்றம் நம் பக்கத்து வசவையே எடுத்துப் பேசியது. சாதிப் பெயரோடு ‘பயல்’ என்று ஒட்டிச் சொன்னதும், செத்த மாட்டைத் தின்பவன் என்று சொன்னதும் அங்கே வழக்கு. இந்தச் சொற்கள் சாதியைக் குறிக்க மட்டும் பயன்படுவதில்லை, இழிவுபடுத்தவே பயன்படுகின்றன, இது குற்றம் என்று தீர்ப்பு வந்தது.

இங்கே ‘பயல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தனியாக நின்றால் அது ‘பையன்’ என்பதற்குப் பக்கத்து வீடு. பேரனைக் கொஞ்சும்போதும் ‘அடப் பயலே’ என்போம். சாதிப் பெயரோடு ஒட்டினால், எண்பது வயதானாலும் நீ வளர்ந்த ஆள் அல்ல என்று அறிவிக்கும் முத்திரையாகிறது. சொல்லில் நஞ்சு இல்லை, ஒட்டுகிற இடத்தில் இருக்கிறது. இதை நீதிமன்றத்துக்கு விளக்கிச் சொல்ல வல்லுநர் சாட்சி என்று ஒருவர் வேண்டாமா? கையெழுத்துக்கு வல்லுநர் உண்டு, துப்பாக்கிக் குண்டுக்கு வல்லுநர் உண்டு. வெளிநாடுகளில் தடயவியல் மொழியியல் என்று இதற்குத் தனிப் படிப்பே இருக்கிறது.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. இன்றைய ஆதிக்கச் சாதிக்காரர் சட்டம் தெரிந்தவர். சாதிப் பெயரை வாயில் எடுக்க மாட்டார். “என்ன ஆளுக?” என்று கேட்பார். “எந்தத் தெரு?” என்று கேட்பார். “அந்தப் பக்கத்து ஆளா?” என்பார். “நீங்கள்ளாம் இப்பப் பைக்குல வாரீக” என்பார். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் மரியாதையான வாக்கியங்கள். சில சமயம் பன்மைகூட இருக்கும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதிலிருந்துதான் அது வசவு என்று தெரியும். பாதிக்கப்பட்டவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். நடந்ததைப் பேச்சு மொழியில் சொல்கிறார். எழுதுபவர் அதை எழுத்து மொழிக்கு மாற்றுகிறார். நான் படித்துப் பார்த்த புகார்களில் ‘சாதிப் பெயரைச் சொல்லி அசிங்கமாகத் திட்டி’ என்ற ஒரே வார்ப்பு திரும்பத் திரும்ப வந்தது. என்ன சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார், எந்த விகுதியில் சொன்னார் என்பது அந்த வார்ப்பில் கரைந்துபோகிறது. பிறகு கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும்போது “எந்தச் சாதிப் பெயரைச் சொன்னார், அப்படியே சொல்லுங்கள்” என்பார்கள். அவர் சொல்லாத சொல்லைக் காவல் நிலையம் எழுதியிருக்கும். அவர் உண்மையில் கேட்ட சொல் எங்கும் எழுதப்பட்டிருக்காது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி, 1959இல் பெர்குசன் இரட்டை வழக்குக் கட்டுரை எழுதியதிலிருந்து எத்தனை ஆய்வேடுகள் வந்துவிட்டன! அந்த இடைவெளியில் வழக்கு விழுந்து சாவதைப் பற்றி ஒன்றாவது வர வேண்டும்.

பெயரை மாற்றினால் சாதி போய்விடுமா என்ற கேள்விக்கும் மொழியியல் வழியிலேயே பதில் சொல்லலாம். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்த முதல் கருவி சொல்லாராய்ச்சிதான். நம்மீது சுமத்தப்பட்ட பெயர்களின் வரலாற்றைத் தோண்டி எடுத்து, சுமத்தியவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அவருடைய வேர்ச்சொல் விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் ஒரு சொல்லின் பொருளை யார் முடிவு செய்வது என்ற கேள்வியை அவர் அளவுக்குக் கூர்மையாகத் தமிழில் எந்தத் துறைப் பேராசிரியரும் எழுப்பியதாக எனக்குத் தெரியவில்லை. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்கவைத்தார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னது. இந்தியாவின் பல மாநிலங்களில் இன்றும் பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும்போது தமிழ்நாட்டில் தெரிவதில்லை என்றால் அது அந்த மொழித் திட்டமிடலின் வெற்றி. பாடநூல்களில் மொழித் திட்டமிடலுக்கு நார்வேயையும் இசுரேலையும் எடுத்துக்காட்டுகிறார்கள். செங்கல்பட்டு பக்கத்திலேயே இருக்கிறது.

தோல்வியும் உண்டு, அதுவும் எங்கள் மாவட்டத்திலேயே. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். தென்மாவட்டங்களில் மோதல் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அந்தப் பெயரை மட்டும் எடுக்க முடியாது என்று, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்போதுதான். அதே 1997இல்தான் கனடாவில் லாண்ட்ரி, பூரி என்ற இருவர் பொது இடப் பலகைகளில் எந்த மொழி தெரிகிறது என்பது ஒரு சமூகத்தின் வலிமையைக் காட்டும் என்று கட்டுரை எழுதி, ‘மொழி நிலக்காட்சி’ என்ற ஒரு புதிய ஆய்வுத் துறையையே தொடங்கிவைத்தார்கள். கியூபெக் பலகைகளைப் பற்றி உலகம் முழுவதும் படிக்கிறார்கள். ஒரு பேருந்தின் நெற்றியில் எழுதிய பெயருக்காக ஊர்கள் எரிந்ததை மொழி நிலக்காட்சிப் பாடத்தில் யாரும் எனக்கு நடத்தவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீளமாக எழுத ஆசை, ஒரு சேதியோடு நிறுத்திக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினக் குழந்தைகளைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று பள்ளி ஒதுக்கியது. தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். வில்லியம் லபோவ் போன்ற மொழியியலாளர்கள் சாட்சிக்கூண்டில் ஏறி, இந்தக் குழந்தைகள் பேசுவது பிழையான ஆங்கிலம் அல்ல, தனக்கென்று இலக்கணம் உள்ள பேச்சு என்று நிறுவினார்கள். 1979இல் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர், குழந்தைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்கப் பள்ளி நிர்வாகம் வழிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். நம் பள்ளிகளில் குழந்தை வாய் திறந்தால் முதலில் விழுவது ‘கொச்சையாகப் பேசாதே’ என்ற அடி. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியலே சொல்லிவிட்டதால் நம் தமிழாசிரியர்களுக்கு இதில் இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியிலிருந்து வந்த பாமா, 1992இல் ‘கருக்கு’ நூலை அந்தக் கொச்சையில்தான் எழுதினார். இன்று அது பல்கலைக்கழகப் பாடம். பாமாவின் தமிழில் ஒரு குழந்தை கட்டுரைப் பயிற்சி எழுதினால் மட்டும் இன்றைக்கும் சிவப்பு மை.

எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு. ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். அருந்ததியர் குடும்பங்கள் பலவும் வீட்டில் தெலுங்கு பேசுகின்றன. மக்கள்தொகைக் கணக்கில் இருவரும் ஒரே கட்டத்தில் வருகிறார்கள். ஒருவர் தெலுங்கு பேசினால் அது குலப்பெருமை, இன்னொருவர் பேசினால் கேலி. ஒரு தெலுங்குக்கும் மற்றொரு தெலுங்குக்கும் நடுவே எத்தனை தெரு என்று இனிமேல்தான் யாராவது அளக்க வேண்டும்.

படிக்க வேண்டும் என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: இளங்கலையில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் பெரும்பாலான இடங்களில் மொழியியல் முதுகலையில் சேரலாம். விதிகளை அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அட்டவணைச் சாதி மாணவர்களுக்கென்று தனி தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு. அது நேரத்துக்கு வருமா என்று கேட்காதீர்கள், அதற்கு வேறு கட்டுரை எழுத வேண்டும். வேலை என்ன என்று வீட்டில் கேட்பார்கள். பாடநூல், அகராதி, மொழிபெயர்ப்பு, பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளுக்குத் தரவு தயாரிப்பது என்று இருக்கிறது. இந்தக் கடைசி வேலை நம் காலத்தில் பெருகும். எந்தத் தமிழை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்யும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான், நாளைக்கு எங்கள் ஆத்தா கைபேசியிடம் பேசினால் அது பதில் சொல்லுமா, விழிக்குமா என்பது இருக்கிறது.

கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதி கொண்டுவந்தபோது அவரிடம் மொழியியல் பட்டம் இல்லை. பள்ளிப் படிப்பையே அவர் முடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து நம்மிடம் பட்டம் இருக்கிறது, கைபேசியில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. நான் செய்ய விரும்பிய ஆய்வு இன்னும் அப்படியே காத்திருக்கிறது. புகார் கொடுத்தவரிடம் உட்கார்ந்து, நடந்ததை அவர் வாய்மொழியிலேயே பதிவு செய்வது. அதையும் முதல் தகவல் அறிக்கையையும் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சொல் உதிர்ந்தது, எந்தச் சொல் புதிதாக முளைத்தது என்று குறிப்பது. பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள், பெயரை மாற்றுங்கள், முடித்த பிறகு திரும்பிப் போய் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ஆய்வேட்டின் ஒரு பிரதி துறை நூலகத்துக்குப் போகட்டும். இன்னொரு பிரதி ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் வன்கொடுமை வழக்கு நடத்துகிற வழக்கறிஞர் மேசைக்குப் போக வேண்டும்.